நைரோபியில் மலை ஏறப் போகிறீர்களா? புதிதாக வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

வேலைக்காக நைரோபி வந்து இறங்குகிறவர்கள், விடுமுறைக்கு வரும் உறவினர்கள், அவர்களின் நண்பர்கள் என்று எல்லோரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாட்ஸ்அப்பில் பதில் தட்டி விரல் தேய்ந்ததுதான் மிச்சம். அதனால் எல்லாவற்றையும் இங்கே சேர்த்து எழுதிவிட்டேன்.

ஆப்பிரிக்கா, அதுவும் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில். அந்த வெயிலில் எப்படி மலை ஏறுவது?

ஸ்வெட்டர் எடுத்து வாருங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நைரோபி நிலநடுக்கோட்டுக்குச் சற்றே தெற்கில் இருந்தாலும், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் குன்னூர் உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1899-ல் ரயில் பாதைக்காரர்கள் முகாம் போட்டதில் முளைத்த ஊர் இது. அதற்கு முன்பே இங்கே மாடு மேய்த்துவந்த மசாய் மக்கள் இந்த இடத்தை 'என்காரே நைரோபி' என்று சொல்லிவந்தார்கள். குளிர்ந்த நீர் என்று பொருள். பெயரிலேயே குளிர் இருக்கிறது.

வருகிறவர்கள் எல்லோரும் வெயிலுக்கும் சிங்கத்துக்கும் பயந்துகொண்டு வருகிறார்கள். இந்த மலைகளில் ஆளைச் சோதிப்பவை அவை இரண்டும் இல்லை. மூடுபனி, காற்று, சரியாக ஆறரைக்கு வந்து நிற்கும் இருட்டு, இவைதான்.

முதல் மலையாக எதற்குப் போவது?

ங்கோங் மலை. யோசிக்கவே வேண்டாம். நகர மையத்திலிருந்து தென்மேற்கே இருபத்தைந்து கிலோமீட்டர் அளவில் இருக்கிறது. உட்கார்ந்தே வேலை பார்த்து நடையே மறந்துபோனவர் என்றால், ஒரு ஞாயிற்றுக்கிழமை முதலில் நகரத்துக்குள்ளேயே இருக்கும் கருரா காட்டில் நடந்து பாருங்கள். ஆயிரம் ஹெக்டேருக்குச் சற்று மேல். சமதளப் பாதை, ஓர் அருவி, சில குகைகள். 1990-களின் கடைசியில் இந்தக் காட்டைக் கட்டடக்காரர்களுக்குப் பங்குபோடப் பார்த்தபோது கென்யச் சூழல் போராளி வங்காரி மாத்தாய் மரக்கன்றுகளோடு வந்து நின்றார். 1999 ஜனவரியில் அடியும் வாங்கினார். 2004-ல் அவருக்கு அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. இன்று அந்த நிழலில் ஊரே ஓடிக்கொண்டிருக்கிறது. அங்கே இரண்டு மணி நேரம் கால் வலிக்காமல் நடந்துவிட்டால் ங்கோங்குக்குத் தயார்.

ங்கோங் எப்படி இருக்கும்? எவ்வளவு நேரம் ஆகும்?

நகரத்திலிருந்து பார்த்தால் கையை மடக்கித் தரையில் ஊன்றியதுபோல, விரல் முட்டிகள் வரிசையாகத் தெரியும். கிளிமஞ்சாரோவில் கால் இடறிய ஒரு பூதம் கீழே விழுந்தபோது ஊன்றிய கைதான் இது என்று மசாய் கதை ஒன்று சொல்வார்கள். நிலவியல்காரர்கள் சொல்வதும் கிட்டத்தட்ட அதே அளவு நம்பமுடியாததுதான்: இது பழைய எரிமலை ஒன்றின் மிச்சம், நிலம் பிளந்து பிளவுப் பள்ளத்தாக்கு (ரிஃப்ட் வேலி) உண்டானபோது அதன் மேற்குப் பாதி உடைந்து கீழே இறங்கிவிட்டது, கிழக்குப் பாதி மட்டும் நிற்கிறது. அதனால்தான் முகட்டில் நடக்கும்போது இடதுபுறம் ஒரு நாடு, வலதுபுறம் இன்னொரு நாடு மாதிரி இருக்கும். இடதுபுறம் நைரோபியின் கட்டடங்களும் பச்சையும். வலதுபுறம் தரையே இல்லாததுபோல விழுந்து, வெகு கீழே காய்ந்து வெளிறிய பள்ளத்தாக்கு. வானம் தெளிந்த காலை என்றால் கிளிமஞ்சாரோவும் கென்ய மலையும் தெரிவதுண்டு.

வழக்கமான பாதை வடக்கே ங்கோங் ஊர்ப்பக்க வாசலில் தொடங்கி, முகடு வழியே தெற்கே போய், மகாடி சாலையில் கோனா பரிடி என்ற இடத்தில் இறங்கும். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். நிதானமாக நடந்தால் ஐந்து, ஆறு மணி நேரம். தூரத்தைக் கேட்டு ஏமாறாதீர்கள். ஒவ்வொரு முட்டியும் ஏறி, ஏறிய அத்தனையையும் இறங்கி, மறுபடி ஏறவேண்டும். 'இதுதான் கடைசி' என்று நினைத்து ஏறி நின்றால் அடுத்தது முன்னால் நிற்கும். மிக உயரமான லாம்வியா முகடு, 2,460 மீட்டர், தெற்கு முனைக்குப் பக்கத்தில்தான் வரும். அதாவது கால் ஓய்ந்த பிறகு.

முழுதும் நடக்க முடியாதவர்கள் மூன்றாவது மேடு வரை போய்த் திரும்பிவிடலாம். வெட்கப்பட ஒன்றுமில்லை, நல்ல காட்சியில் பாதி அதற்குள்ளேயே வந்துவிடும்.

வழியில் பார்க்க என்ன இருக்கிறது?

தொடக்கத்திலேயே காற்றாலைகள். 1993-ல் பெல்ஜியம் அன்பளிப்பாகத் தந்த இரண்டில் ஆரம்பித்தது, இன்று 25.5 மெகாவாட். ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டிப் போனவர்களுக்கு அது பெரிய காட்சியில்லை. ஆனால் ஒரு காற்றாலையின் அடியில் நின்று, அந்த 'வுப்... வுப்...' சத்தத்தை நெஞ்சில் வாங்கிப் பாருங்கள். அங்கே ஏன் அதை நட்டார்கள் என்பது உங்கள் தொப்பி பறக்கும்போது புரியும்.

எனக்குப் பிடித்தது லெலெஷ்வா என்ற புதர். சாம்பல் பூத்த இலை, எட்ட நின்று பார்த்தால் வெயிலில் வெளுத்துப்போன செடி போலத்தான் இருக்கும். ஒரு இலையைக் கிள்ளிக் கசக்கினால் பூஜையறைக் கற்பூர டப்பாவைத் திறந்த வாசனை. மசாய் இளைஞர்கள் இந்த இலையை அக்குளில் வைத்துக்கொள்வது வழக்கம். கடையில் விற்கும் ஸ்பிரேக்கெல்லாம் இதுதான் முன்னோடி. நாலு மணி நேர ஏற்றத்துக்குப் பிறகு நானும் வைத்துப் பார்த்தேன். வேலை செய்கிறது.

கிழக்குச் சரிவில் டெனிஸ் ஃபின்ச் ஹாட்டன் என்ற ஆங்கிலேய வேட்டைக்காரரின் கல்லறை இருக்கிறது. 1931-ல் விமான விபத்தில் இறந்தவர். அவருடைய தோழியான டேனிஷ் எழுத்தாளர் காரன் பிளிக்சன் காப்பித் தோட்டம் வைத்திருந்த வீடு இப்போது அருங்காட்சியகம். மலையடிவாரத்துக் கதை வேண்டும் என்பவர்கள் அங்கே போகலாம். நடைக்கும் அதற்கும் ஒரே நாள் போதாது.

சிங்கம், சிறுத்தை வருமா?

நைரோபி நகரத்தை ஒட்டியே சிங்கம் உலவும் தேசியப் பூங்கா இருப்பதால் இந்தக் கேள்வி நியாயமானதுதான். ஆனால் ங்கோங் முகட்டில் நீங்கள் அதிகம் பார்க்கப்போவது மாடு. கழுத்து மணியோடு மசாய் மாடுகள், பின்னால் சிவப்புத் துணி போர்த்திய ஒரு பையன். புதர் அடர்ந்த சரிவுகளில் காட்டெருமை இருக்கும். மதிக்கவேண்டிய மிருகம் அதுதான். பாதையை விட்டுப் புதருக்குள் இறங்காதீர்கள், இயற்கை அழைப்புக்குக்கூட உடன் வரும் ரேஞ்சரிடம் (வனக்காவலர்) சொல்லிவிட்டுப் போங்கள்.

இதைவிட எனக்குப் பயம் சியாஃபு எறும்பு. பாதையின் குறுக்கே கறுப்புக் கயிறு கிடப்பதுபோல ஊர்ந்துகொண்டிருக்கும். அதன்மேல் நின்று போன் பேசினால், அடுத்த நிமிடம் பேண்ட்டை எங்கே கழற்றுவது என்று இடம் தேடுவீர்கள். பேண்ட் நுனியைச் சாக்ஸுக்குள் செருகிக்கொள்வது அழகாக இருக்காது, ஆனால் நல்லது.

ரேஞ்சர் கட்டாயம் வேண்டுமா? நாங்கள் எட்டுப் பேர் இருக்கிறோமே?

வேண்டும். ங்கோங் கென்ய வனத்துறையின் பொறுப்பில் இருக்கிறது. நுழைவாயிலில் கட்டணம் கட்டும்போதே துப்பாக்கியோடு ஒரு ரேஞ்சரை உடன் அழைத்துக்கொள்ளலாம். அது மிருகத்துக்காக மட்டும் இல்லை. தெற்குப் பகுதியில் ஆள் நடமாட்டம் குறைவு; தனியாகப் போனவர்களிடம் போனும் பையும் பறித்த சம்பவங்கள் நடந்திருக்கின்றன. எட்டுப் பேர் என்றாலும் மலையில் எட்டுப் பேராகவா நடக்கிறோம்? முன்னால் மூன்று பேர் ஓடுவார்கள், பின்னால் இரண்டு பேர் செல்ஃபி எடுப்பார்கள். அப்புறம், மூடுபனி இறங்கினால் பத்தடிக்கு மேல் தெரியாது. மாட்டுத்தடம் எல்லாம் பாதை மாதிரியே இருக்கும். ஒருமுறை எங்களை விட்டிருந்தால் நேராகப் பள்ளத்தாக்குப் பக்கம் இறங்கியிருப்போம். "அது மாடு தண்ணி குடிக்கப் போற வழி" என்று ரேஞ்சர்தான் திருப்பிக் கூட்டிவந்தார்.

பணம் ரொக்கமாகத் தந்தால் வாங்கமாட்டார்கள். அரசுக் கட்டணமெல்லாம் இ-சிட்டிசன் என்ற அரசு இணையதளம் வழியாகத்தான். இங்கே தக்காளிக்காரம்மா வரைக்கும் போன் வழியாகப் பணம் அனுப்பும் எம்-பெசாவில்தான் வாங்குகிறார்கள் என்பதால், வந்த முதல் நாளே ஒரு சிம் வாங்கி எம்-பெசா கணக்கைத் திறந்துகொள்ளுங்கள். கட்டணம் அவ்வப்போது மாறுகிறது; போகும் வாரத்தில் பார்த்துக்கொள்வதே சரி.

எந்த மாதம் நல்லது? எத்தனை மணிக்குக் கிளம்பவேண்டும்?

மார்ச் முதல் மே வரை நீண்ட மழை. அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை குறுகிய மழை. இந்த இரண்டிலும் தவிர்க்கப் பாருங்கள். மழையைவிட இடிதான் கவலை. மொட்டை முகட்டில் உங்களைவிட உயரமாக எதுவும் இல்லாதபோது இடி இடிப்பதைக் கேட்டால் குலதெய்வம் எல்லாம் ஞாபகம் வரும். ஜனவரி, பிப்ரவரி மிகத் தெளிவு. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மழை குறைவு, ஆனால் நாள் கணக்கில் சூரியனே தெரியாத மேகமூட்டம், நடுங்கவைக்கும் காற்று.

நேரம்: காலை ஏழு, ஏழரைக்கு வாசலில் இருங்கள். நிலநடுக்கோட்டுப் பக்கம் என்பதால் வருடம் முழுக்க ஆறரை வாக்கில் விடிகிறது, ஆறரை வாக்கில் அடைகிறது. அந்தி என்று ஒன்று நீண்டு நிற்காது. யாரோ சுவிட்சை அணைத்ததுபோல இருட்டிவிடும். மதியத்துக்குமேல் ஏறத் தொடங்காதீர்கள்.

என்ன உடுத்துவது?

மெல்லிய முழுக்கைச் சட்டை, அதன்மேல் ஒரு ஸ்வெட்டர், அதன்மேல் காற்று புகாத மழைக்கோட்டு. ஏறும்போது ஒவ்வொன்றாகக் கழற்றி, நின்றால் உடனே போட்டுக்கொள்ளவேண்டும். தொப்பிக்குக் கயிறு இருக்கட்டும். குளிராக இருக்கிறதே என்று சன்ஸ்கிரீன் பூசாமல் போகாதீர்கள். இந்த உயரத்தில் நிலநடுக்கோட்டு வெயில், குளிரில் தெரியாமலே சுடும். சாயங்காலம் கண்ணாடி பார்த்தால் மூக்குத் தோல் உரிந்திருக்கும்.

ஷூ புதிதாக இருக்கவேண்டியதில்லை, உறுதியாக இருக்கவேண்டும். வெகுநாள் அலமாரியில் கிடந்த ஷூவை எடுத்துப் போட்டுக்கொண்டு போய், நாலாவது மேட்டில் அடிப்பாகம் வாய்பிளந்து, மீதித் தூரத்தை மழைக்கோட்டுக் கயிற்றால் கட்டி நடந்தேன். கிளம்பும் முந்தின நாள் வளைத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

மூச்சு வாங்குமா? வயசான அப்பா அம்மாவைக் கூட்டிப் போகலாமா?

நைரோபி வந்து இறங்கிய மறுநாளே போனால் நன்றாகவே வாங்கும். சென்னை போலக் கடற்கரை ஊரிலிருந்து வருகிறவர்கள் நாலைந்து நாள் ஊருக்குள் நடந்து பழகிவிட்டுப் போங்கள். தலைவலியும் களைப்பும் வந்தால் தண்ணீர் குடித்து, உட்கார்ந்து, குறையவில்லை என்றால் இறங்கிவிடவேண்டும். 'போலே போலே' என்பார்கள் ஸ்வாஹிலியில், மெதுவாக மெதுவாக. அதுதான் மருந்து.

பெரியவர்களுக்கு முட்டிவலி இருந்தால் ங்கோங் வேண்டாம். ஏற்றம் அல்ல, இறக்கம்தான் முட்டியைப் பிடுங்கும். காற்றாலை வரை வண்டியில் கூட்டிப்போய், ஒரு டீ குடிக்கவைத்துத் திரும்புங்கள். எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் நம்மைவிட நன்றாக ஏறுகிறார்கள்.

சாப்பாடு, தண்ணீர்?

முகட்டில் கடை எதுவும் கிடையாது. ஆளுக்கு இரண்டு லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர். ஆனால் கடையில் விற்கும் பிளாஸ்டிக் பாட்டில் வேண்டாம்: 2017-லேயே பிளாஸ்டிக் பைகளைத் தடைசெய்த நாடு இது, 2020 ஜூன் முதல் பூங்காக்களிலும் காடுகளிலும் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கும் தடை. ஸ்டீல் பாட்டில், ஸ்டீல் டப்பா, துணிப்பை. நம் பாட்டி காலத்துச் சாமான்களே போதும்.

கட்டுச்சோறுதான் சிறந்தது. பார்க்லண்ட்ஸ் பக்கத்து இந்தியக் கடைகளில் கறிவேப்பிலை உட்பட எல்லாம் கிடைக்கிறது. புளிசாதம், எலுமிச்சை சாதம் இரண்டுமே தாங்கும். அப்பளம் மட்டும் வேண்டாம். இரண்டாவது மேட்டில் டப்பாவைத் திறந்ததும் எங்கள் அப்பளம் ஒவ்வொன்றாக எழும்பி பிளவுப் பள்ளத்தாக்கை நோக்கிப் போயிற்று. ரேஞ்சருக்கும் சேர்த்து எடுத்துப் போங்கள். அவர்களும் நாள் முழுக்க நடக்கிறார்கள். எங்களோடு வந்தவர் எலுமிச்சை சாதத்தை ரசித்துச் சாப்பிட்டுவிட்டு, தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார்: "எல்லாம் நல்லா இருக்கு, இந்தப் பருப்பு மட்டும் ஏன் வேகவே இல்லை?" தாளித்த கடலைப்பருப்பு. அதை எப்படி விளக்குவது என்று இன்றுவரை தெரியவில்லை.

மசாய் மக்களைப் படம் எடுக்கலாமா?

கேட்டுவிட்டு எடுங்கள். அது அவர்கள் மேய்ச்சல் நிலம், நாம்தான் வந்தவர்கள். நம் வீட்டு வாசலில் கோலம் போடும்போது யாராவது கேட்காமல் படம் எடுத்தால் எப்படி இருக்கும்?

ங்கோங் முடித்தாயிற்று. அடுத்து?

லோங்கோநோட். நைரோபியிலிருந்து வடமேற்கே, நைவாஷா போகும் வழியில் இருக்கும் எரிமலை, 2,776 மீட்டர். வாசலிலிருந்து வாய் விளிம்பு வரை மூன்று கிலோமீட்டர் ஏற்றம். விளிம்பைச் சுற்றி ஏழு கிலோமீட்டர் அளவு வட்டம். விளிம்பில் நின்று உள்ளே பார்த்தால் கிண்ணத்துக்குள் காடு ஒன்று தனியாக வளர்ந்துகொண்டிருக்கும். பாதை முழுக்க எரிமலைச் சாம்பல். வறண்ட மாதத்தில் முன்னால் போகிறவர் கிளப்பும் தூசியைப் பின்னால் வருகிறவர் தின்னவேண்டும். நிழல் அறவே இல்லை. ஆனால் என்னைக் கேட்டால் ங்கோங்கைவிட இதுதான் ஒரு படி மேல்.

திக்கா பக்கம் ஓல் டோன்யோ சாபுக், 2,145 மீட்டர். ஊர்க்காரர்கள் கிலிமாம்போகோ என்பார்கள், காட்டெருமை மலை. பெயருக்கு ஏற்றபடி இருக்கும், ரேஞ்சர் இல்லாமல் காலே வைக்கக்கூடாது. உச்சிவரை வண்டிப்பாதைதான், அதனால் நடை கொஞ்சம் சலிப்பு. வழியில் மெக்மில்லன் என்ற பழைய பண்ணைக்காரரின் சமாதி இருக்கிறது. பக்கத்தில் பதினான்கு அருவிகள் என்ற இடம். மழைக்காலத்துக்குப் பிறகு போனால் நல்லது.

அபர்டேர் தொடரில் யானைக்குன்று 3,600 மீட்டருக்கும் மேல். மூங்கில் காடு, முழங்கால் சேறு, குளிர். அது வேறு தரம். ங்கோங் முழு நடையை இரண்டு முறை முடித்தவர்கள் மட்டும் யோசிக்கலாம்.

இந்தியாவிலிருந்து வருகிறவர்கள் கவனிக்க ஏதாவது?

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. கென்யாவிலிருந்து இந்தியா திரும்பும்போது விமான நிலையத்தில் அந்த அட்டையைக் கேட்பார்கள். இல்லாவிட்டால் தனிமை முகாமில் வைக்க அவர்களுக்கு அதிகாரம் உண்டு. கிளம்புவதற்குப் பத்து நாளாவது முன்னதாகப் போட்டிருக்கவேண்டும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும். 2024 முதல் கென்யாவுக்கு விசா முறை இல்லை, அதற்குப் பதில் இணையத்தில் முன்கூட்டியே பயண அனுமதி வாங்கவேண்டும்.

நைரோபியில் மலேரியா மிகக் குறைவு. கடற்கரைப் பக்கமும் போகிறீர்கள் என்றால் மருத்துவரைக் கேட்டு மாத்திரை எடுத்துக்கொள்ளுங்கள்.

எப்படிப் போய் எப்படித் திரும்புவது?

போவது எளிது. நகர மையத்தில் ரயில் நிலையம் பக்கம் 111 எண் மட்டாட்டு ங்கோங் ஊருக்குப் போகும். மட்டாட்டு என்றால் பாட்டு அலற, உடம்பெல்லாம் ஓவியம் தீட்டிய தனியார் வண்டி. அங்கிருந்து மோட்டார் பைக்கோ டாக்ஸியோ வாசலில் விடும்.

இறங்கியதும் கோனா பரிடியில் சுட்ட இறைச்சி, களி மாதிரியான உகாலி, வெங்காயம் தக்காளி நறுக்கிய கச்சும்பரி கிடைக்கும். சைவர்களுக்குச் சப்பாத்தியும் டீயும் இருக்கவே இருக்கிறது. இரண்டையும் இங்கே சப்பாத்தி, சாய் என்றேதான் சொல்கிறார்கள், ரயில் பாதை போட வந்த காலத்து இந்தியர்கள் விட்டுப்போனவை. நேரமும் வண்டியும் இருந்தால் அதே மகாடி சாலையில் இன்னும் கீழே இறங்கினால் ஓலோர்கெசைலி. லட்சக்கணக்கான ஆண்டுகளுக்கு முந்தைய கைக்கோடரிகள் கிடைத்த இடத்திலேயே கிடக்கின்றன. நம் அதிரம்பாக்கத்தில் கிடைத்த அதே அச்சூலிய வகை, ஆதிமனிதர் செதுக்கிய கல்லாயுதம். பார்த்தால் சிலிர்க்கும்.

திரும்புவதற்கு வண்டிக்காரரிடம் முன்பே சொல்லிவைப்பது நல்லது. சொல்லும்போது கவனம். ஸ்வாஹிலியில் மணி நள்ளிரவிலிருந்து எண்ணப்படுவதில்லை. நம் பழைய நாழிகைக் கணக்குப்போல விடிந்ததிலிருந்து எண்ணுகிறார்கள். காலை ஏழு மணிதான் அவர்களுக்கு மணி ஒன்று. இது தெரியாமல், நாலு ஸ்வாஹிலி வார்த்தை கற்றுக்கொண்ட பெருமையில், மத்தியானம் இரண்டு மணிக்கு வாருங்கள் என்பதை "சா ம்பிலி" என்று சொல்லி வைத்தேன். அவருக்கு அது எட்டு மணி, ராத்திரி எட்டு. கோனா பரிடி என்றால் குளிர்ந்த முனை என்று பொருள். பெயர்க்காரணத்தை நாங்கள் ஐந்து பேரும் இரண்டரை மணி நேரம் நின்று, போன் போட்டு அவர் வந்து சேரும்வரை ஆராய்ந்தோம். பிற்பகல் இரண்டுக்கு "சா நானே" என்று சொல்லவேண்டுமாம். நானே என்றால் எட்டு. இப்போதெல்லாம் நான் வாயே திறப்பதில்லை, 14:00 என்று வாட்ஸ்அப்பில் எண்ணாக அனுப்பிவிடுகிறேன்.